படியில நிக்காதீங்க

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். காரைக்காலிலிருந்து கிளம்பும் தனியார் பேருந்தின் பின்வாசலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை வெளியே நீண்டு, களத்தில் நெல்லை அள்ளுவதுபோல ஆட்களை அள்ளி உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க. முன்னால போங்க. படியில நிக்காதீங்க." இந்த மூன்றுக்கு மேல் அந்த மனிதருக்குப் பேச்சு வராதோ என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். எல்லோரும் ஏறிய பிறகு, வண்டி நகர்ந்த பிறகு, கடைசியாக ஒரு காலை மட்டும் படியில் வைத்து அவர் தொற்றிக்கொண்டார்.

சில வருஷம் கழித்து அந்தக் கை எங்கள் வரிச்சிக்குடிக்கே, அதுவும் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்கே குடிவந்தது. ஊருக்கு அவர் கண்டக்டர், எனக்கும் கண்டக்டர். அவர் பெரிய பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று நானே கேட்டிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் வந்த பழக்கம் அவருக்கு வீட்டிலும் போகவில்லை. எந்த வாசலாக இருந்தாலும் ஓரமாக ஒதுங்கி, "நீங்க முன்னால போங்க" என்று கையை நீட்டுவார். கோயில், ரேஷன் கடை, சாவு வீடு, எல்லாம் ஒன்றுதான். பந்தியில் கடைசி ஆளாகத்தான் உட்காருவார். கல்யாண வீட்டு வடையை அவர் கண்ணால் பார்த்து இருபது வருஷம் ஆகிறது என்று அவர் மனைவி சொல்வாள். அவள் எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. அவர்கள் கல்யாணத்தன்று நடந்ததையும் அவள்தான் சொன்னாள். ஆரத்தி எடுத்து முடிந்ததும் மாப்பிள்ளை வாசலில் ஒதுங்கி நின்று பெண்ணை உள்ளே விட்டாராம். பிறகு அத்தைமார், மாமன்மார், மேளக்காரர்கள், அண்டாவைத் தூக்கிவந்த சமையல்காரர். உள்ளே பாலும் பழமும் கொடுக்க மணையில் பெண் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். "மாப்பிள்ள எங்க?" என்று தேடினால், அவர் வெளியே நின்று பந்தல்காரரை, "நீங்க போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

சிரிப்போம். ஆனால் அந்தக் குணத்தால் பலன் அடைந்தவர்களில் நானும் ஒருத்தி. அதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் பேருந்துப் பலகையில் எழுத்து ஓடுமே, நான் கூட்டி முடிப்பதற்குள் வண்டி போய்விடும். பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. வெயில் தாழட்டும் என்று நிற்பவள்போலக் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அப்படி நான் எங்கள் ஊர் வண்டிகள் இரண்டை விட்டதை அவர் பார்த்திருக்கிறார். மறுநாளிலிருந்து பேருந்து நிலையத்தில் அவர் எங்கே நின்றாலும், நான் இருந்தால் போதும், ஆகாயத்தைப் பார்த்துக் கத்துவார்: "இது திருநள்ளாறு வண்டி, திருநள்ளாறு. வரிச்சிக்குடிக்காரங்க ஏறாதீங்க, அடுத்தது வருது." என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நானும் நன்றி சொன்னதில்லை.

"ஏன் இப்புடி காது கிழிய கத்துறீங்க?" என்றுதான் கேட்டேன்.

"தொண்ட அப்புடியே பழகிடுச்சுக்கா" என்றார்.

அவர் வேலையை விட்ட பிறகுதான் அவருக்கு ஒரு வியாதி வந்தது. வந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, அதுதான் வேடிக்கை. அவர் வாசல் வாசலாக நின்றார். எப்போதும் நிற்கிறவர்தானே. கோயில் வாசலில் அவர் நிற்க, பின்னால் வந்தவர்கள் எல்லாம், "கண்டக்டர் வழி விடுறாரு" என்று முந்திக்கொண்டு போனார்கள். முகத்தில் சிரிப்பும் குறைந்துவிட்டது. பென்ஷன் வாங்குகிற ஆள்போல மிதப்பு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். "என்னா கண்டக்டரே, டிக்கெட் எடுத்தாத்தான் உள்ள விடுவீங்களா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுமிருக்கிறேன். அவர் சிரிக்கப் பார்த்தார். முகம் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை ஒன்று. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் அவர் நிற்கிறார். கதவு திறந்து கிடக்கிறது. மழை தலையில் கொட்டுகிறது. தெருவில் ஈ, காக்கை இல்லை. நான் எழுந்து போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இப்ப யாரு முன்னால போவணும்னு நிக்கிறீங்க? நானா?"

"யாருமில்லக்கா" என்றார். சட்டை ஒட்டி உடம்பு நடுங்கியது. "நானே போவத்தான் பாக்குறேன். காலு வரமாட்டேங்குது. தரையில ஆணி அடிச்சாப்புல இருக்கு."

எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். பிறகு எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"அஞ்சாறு மாசம் இருக்கும்க்கா. யாராச்சும் பின்னால வந்தா நல்லதாப் போச்சு, வழி விடுறாப்புல நின்னுக்குவேன்."

என் குடையை அவர் தலைக்கு நீட்டினேன். டிக்கெட் பேச்சை அதோடு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் மட்டுப்பட்டது, பேச்சு தெளிந்தது. ஆனால் இடது கால் பாதத்தை இழுத்து இழுத்துப் போட்டது, வாசல் வந்தால் நின்றது. பிறகுதான் பிசியோதெரபி பார்க்கிற ஒரு சின்னப் பெண், ஒரு பெட்டியைக் கொஞ்ச நாளைக்கு வைத்துப் பாருங்கள் என்று கொடுத்தாள். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். அதை இடது முழங்காலுக்குக் கீழே பட்டை போட்டுக் கட்ட வேண்டும். இரண்டு ஒட்டுகள் தோலில் ஒட்டியிருக்கும். பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று காலோடு இறங்கிச் செருப்புக்குள் போகும். அங்கே குதிகாலுக்கு அடியில் ஒரு பொத்தான். உடம்பை வலது பக்கம் சாய்த்து இடது குதிகாலைத் தரையிலிருந்து கொஞ்சம் எடுத்தால், பொத்தான் விடுபட்டுப் பெட்டி நரம்புக்குக் கரண்டு கொடுக்கும். பாதம் தானாக மேலே தூக்கிக்கொள்ளும். குதிகால் தரையில் பட்டதும் கரண்டு நின்றுவிடும். நோயை இது குணமாக்காது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, நடைக்கு இது ஒரு துணை, அவ்வளவுதான் என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள்.

"எப்புடி இருக்கு கண்டக்டரே? ஷாக் அடிக்குதா?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குக்கா. முப்பது வருஷம் நான் விசில் ஊதுனேன், வண்டி போச்சு. இப்ப இது ஊதுது, நான் போறேன்."

சொல்லிவிட்டு நடந்து காட்டினார். பாதம் எழும்பி எழும்பி விழுந்தது. தெருவே பார்த்தது. நான் மட்டும் நாலு அடி தள்ளி நின்றேன். கரண்டு விஷயத்தில் நான் ஜாக்கிரதை. அன்றைக்கு அவருக்குக் காப்பி கொடுத்தபோது எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் என்று, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி கிளாஸைத் தேடி எடுத்தேன். அதையும் கையில் கொடுக்காமல் பிளாஸ்டிக் முக்காலியில் வைத்து நகர்த்தினேன். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் அவுங்க பக்கத்துலதானக்கா படுத்திருக்கேன்" என்றாள். சிரிக்கட்டும். ஒரு வாரம் கண்ணாடி கிளாஸில்தான் கொடுத்தேன்.

தினமும் நாலரை மணிக்கு அவரை நடக்கக் கூட்டிப்போகும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்த் திரும்புவோம். முதல் இரண்டு நாள், "நீங்க முன்னால போங்கக்கா" என்றார். "நான் முன்னால போனா நீங்க நிக்கிறது எனக்கு எப்புடித் தெரியும்? பக்கத்துல வாங்க" என்று அதட்டிவிட்டேன். ஒரு மாதத்தில் நான் மூச்சு வாங்க, அவர் எனக்காக நிற்கும்படி ஆனது.

நடை என் வீட்டு வாசலில் முடியும். அங்கே நாற்காலி போட்டிருப்பேன். அவர் அதில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார். உள்ளே வர மாட்டார். வரக் கூடாது. என் வீட்டு நிலைப்படியைச் செருப்பு தாண்டியதில்லை. மீட்டர் பார்க்க வருகிறவரும் சிலிண்டர் தூக்கி வருகிறவரும் வெறுங்காலோடுதான் வருவார்கள். என் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து பூட்ஸோடு ஒரு கால் வைத்தான் என்று, சோற்றுக்கு முன்னால் அவனைக் கூடம் துடைக்க வைத்தவள் நான். அந்தப் பிசியோ பெண் ஒருதடவை வீட்டுக்கு வந்தபோது, "வாசல்லதான பாட்டி இவருக்குப் பிரச்சினை? வீட்டுக்குள்ள போயிப் போயி வரப் பழகணும். செருப்போடயே பழகட்டும்" என்றாள்.

"செருப்போடயா? எங்க ஊருல அதெல்லாம் வழக்கமில்லம்மா" என்றேன். அவள் வேறு என்னவோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. அவர் வீட்டிலும் வாசலில் செருப்பைக் கழற்றி, ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனார். அதனால் அவர் பழகியதெல்லாம் தெருதான். வாசலைப் பழகவே இல்லை.

இந்த நேரத்தில் அவருடைய சின்னப் பெண்ணுக்கு வரன் வந்தது. காரைக்கால் பக்கம் தலத்தெருவில் நல்ல குடும்பம். அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது. நம் பக்கத்தார் போய் மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வந்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். அவர் மனைவியின் அண்ணன், மனசில் பட்டதை அப்படியே கொட்டுகிறவர், சொன்னார்:

"மச்சான் வர வேணாம். அங்க போயி வாசப்படியில நின்னுட்டாருன்னா என்னா ஆவும்? பொண்ணோட அப்பனே உள்ள வரத் தயங்குறான், சகுனம் சரியில்லன்னு எழுந்துடுவாங்க. நான் போயி பேசி முடிச்சிட்டு வர்றேன்."

வாழ்நாள் முழுக்க எல்லோரையும் முன்னால் போகச் சொன்ன மனிதர் அன்றைக்கு இல்லை என்றார்.

"எம் பொண்ணு போயி வாழப்போற வீடு. உள்ள போயி எங் கண்ணால பாத்துட்டுத்தான் சரிம்பேன்."

"நின்னுட்டா?"

"நிக்கமாட்டேன். பொட்டி இருக்கு. அக்கா இருக்காங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். என் நடைப்பயிற்சியில் தேறிய ஆள், தவறுவாரா?

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். தலத்தெரு வீட்டு வாசலில் பெரிய கோலம். மாப்பிள்ளையின் அம்மா குங்குமச் சிமிழோடு வந்து, "வாங்க சம்மந்தி, வாங்க" என்றாள். கெட்டிக்காரி, பார்த்தாலே தெரிந்தது. தேய்த்துத் தேய்த்து அந்த வீட்டு நிலைப்படியில் முகம் பார்க்கலாம்போல இருந்தது. கண்டக்டர் வண்டியிலிருந்து இறங்கி அழகாக நடந்து வந்தார். வேட்டிக்குள் பெட்டி இருப்பதே தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் ஒதுங்கி, கையை நீட்டினார். "நீங்க போங்க, நீங்க முன்னால போங்க." மனைவி போனாள், அவள் அண்ணன் போனார், பழத்தட்டு போயிற்று, பூத்தட்டு போயிற்று. மாப்பிள்ளை வீட்டாரும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். வாசலில் நானும் அவரும்.

அவர் குனிந்தார். ஒயரைப் பிடுங்கினார். செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடியாக வைத்தார். தம் வீட்டு வாசலில் தினமும் செய்வது அது, வழக்கம் என்று நான் அடித்துச் சொன்ன பழக்கம். நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தார். கால் நின்றுவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்தான் செருப்புக்குள் இருக்கிறது. செருப்பு வெளியே இருக்கிறது. அவர் உள்ளே போக வேண்டும்.

"வாங்க கண்டக்டரே."

"வரமாட்டேங்குதுக்கா." உள்ளே மனைவியின் அண்ணன் குரல் கேட்டது, "இதோ வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று. "நீங்க உள்ள போயி, அவருக்குத் தல சுத்துதுன்னு சொல்லிடுங்க. நான் வண்டியில உக்காந்திருக்கேன்."

"செருப்ப போடுங்க."

"சம்மந்தி வீட்டுக்குள்ளயா? முத தடவ வர்ற வீடுக்கா. வேணாம். என்னா நெனப்பாங்க?"

பேருந்து நிலையத்தில் நான் குடையோடு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. ஆகாயத்தைப் பார்த்துக் கத்திய இந்த மனிதரும் ஞாபகம் வந்தார். நான் கழற்றிப் போட்டிருந்த என் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"என்னக்கா பண்றீங்க?"

"எனக்கும் கால் வலி. நானும் செருப்போடதான் வரப்போறேன். கேட்டா ரெண்டு பேரையும் கேக்கட்டும். ஒயர மாட்டுங்க."

அவர் என் காலையே பார்த்தார். பிறகு தம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒயரை மாட்டினார். கை நடுங்கியதால் மாட்டக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எங்களைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள். கோலத்துக்கு மேல் நாலு செருப்புக் கால்கள்.

எனக்கு அந்தப் பார்வை தெரியும். அது என்னுடைய பார்வை.

"கோவிச்சுக்காதீங்க தாயி" என்றேன். "இவுரு காலுக்குக் கரண்டு குடுக்குற சுவிட்சு செருப்புக்குள்ள இருக்கு. கழட்டுனா வண்டி கெளம்பாது. எனக்கு ஒரு நோவும் இல்ல, தொணைக்குப் போட்டிருக்கேன்."

அவள் ஒயரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். திரும்பி உள்ளே குரல் கொடுத்தாள்.

"அந்த ஜமக்காளத்தச் சுருட்டுங்கடா. சம்மந்தி நடந்து வர்றாங்க, தடுக்கப்போவுது."

பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று, "வாங்க" என்றாள். அவர் வழக்கத்தை விட்டாரா? இல்லை. அந்த நேரத்திலும் எனக்குக் கையை நீட்டி, "நீங்க முன்னால போங்கக்கா" என்றார்.

"படியில நிக்காதீங்க கண்டக்டரே" என்றேன். "உள்ள போங்க."

அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. உடம்பை வலது பக்கம் சாய்த்தார். இடது குதிகால் எழுந்தது. பாதம் தூக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து மனைவியின் அண்ணன், "வலது கால, வலது கால" என்று பதறினார். கரண்டு இடது காலில் அல்லவா இருக்கிறது, அதற்கு நல்ல கால், கெட்ட கால் தெரியுமா? இடது கால் நிலைப்படியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது. வலது கால் பின்னாலேயே போயிற்று.

போனவர் உட்காரவில்லை. கூடம், அடுக்களை வாசல், கொல்லைக் கிணறு என்று வண்டியைச் சோதிப்பதுபோல அந்த வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றினார். நானும் செருப்போடு பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அவருக்குப் பின்னால். அவர் முன்னால். கொல்லையிலிருந்து திரும்பி வந்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம், "காத்து நல்லா வருதுங்க. வெளிச்சம் இருக்கு. சரிங்க" என்றார்.

பிசியோ பெண்ணிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஒரு சாக்ஸப் போட்டு அதுக்குள்ள பொத்தான வச்சிருந்தா போதுமே பாட்டி. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் வழக்கமில்லன்னு வாய அடைச்சிட்டீங்க" என்றாள். அவளுக்கு நான் அன்றைக்குக் காப்பி கொடுக்கவில்லை.

இப்போது கண்டக்டர் இந்தத் தெருவில் இல்லை. பெரிய பெண் திருச்சிக்கு அழைத்துக்கொண்டுபோய் வருஷம் நாலாகிறது. ஆனால் அவர் போவதற்கு முன்னால், தலத்தெருவுக்குப் போய்வந்த பிறகு ஒரு சாயங்காலம், நடை முடிந்ததும், வாசல் நாற்காலியை நான் உள்ளே எடுத்துக் கூடத்தில் போட்டேன். "வாங்க, செருப்போடயே வாங்க. சாக்ஸு வர்றப்ப வரட்டும்" என்றேன். அவர் வந்தார். என் நிலைப்படியைத் தாண்டிய முதல் செருப்பு அது. அவர் காப்பி குடித்தார், எவர்சில்வர் டம்ளரில்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய்த் துணியை நனைத்துக் கொண்டுவந்தேன்.

"என்னக்கா, எங் காலடியவா தொடைக்கிறீங்க?"

"வெள்ளிக்கெழமைன்னா வீடு தொடைக்கிறது வழக்கம்."

"இன்னைக்கி செவ்வாக்கெழமக்கா."

நான் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் நகர்ந்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். குதிகால் எழும்பும் சத்தம் கேட்டது.

"கொல்லையில கத்திரிச் செடி வச்சிருக்கீங்களாமே, பாக்கலாம்னு வர்றேன்" என்றார். "நீங்க தொடச்சிக்கிட்டே முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."